செக்குமாட்டின் கண்துணி

உலகத்தில் யார் யாரையோ பார்த்து யார் யாரோ வயிறெரிகிறார்கள். மலைமேலிருக்கும் வளப்பூர் நாட்டுக் குழந்தைவேலுக்கு ஒரு செக்குமாட்டின் மேல் வயிறெரிந்தது. சிரிக்காதீர்கள். சின்ன வயதில் வந்த அம்மை அவன் கண்ணிரண்டையும் கொண்டுபோய்விட்டது.

வேலை கேட்காத இடமில்லை. மிளகு பறிக்கப் போனால், "ஏணியில இருந்து உழுந்தா ஆரு பதில் சொல்றது?" என்றார்கள். மலையில் ரோடு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினான். "கண்ணு தெரியாதவன் கையில சுத்தியலா? போ சாமி, பசிச்சா சோறு தின்னுட்டுப் போ" என்றார் மேஸ்திரி. சோறாம் சோறு! வாட்டசாட்டமான ஆம்பளை அவன், கேட்டது கூலி.

கடைசியில் பெண்டாட்டி பாப்பாத்தியோடு மலையிறங்கி, முள்ளுக்குறிச்சியில் நசீர் அகமதுவின் கடலைச்செக்குக்கு வந்தான். வேலை கிடைத்தது, பாப்பாத்திக்கு. மாட்டின் கண்ணைத் துணியால் கட்டி, செக்கில் பூட்டி ஓட்டுகிற வேலை. குழந்தைவேலைப் புண்ணாக்கு மூட்டைமேல் உட்காரச் சொல்லிவிட்டார் நசீர்.

நாளெல்லாம் செக்கு கிறீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தவன் ஒருநாள் கேட்டான்: "ஏம்புள்ள, அதுக்கு எதுக்குக் கண்ணைக் கட்டறே?"

"கண்ணு தெரிஞ்சா தலை கிறுகிறுத்து நின்னுக்குமுங்க மாமா."

அடப்பாவிகளா! கண்ணிருக்கிற மாட்டுக்குக் கண்ணைக் கட்டி வேலை கொடுக்கிறார்கள். கட்டவே வேண்டாதவன் மூட்டைமேல் குந்தியிருக்கிறான். அன்றிலிருந்து மாட்டின் பேச்செடுத்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "வா கண்ணு, தின்னு சாமி" என்று பாப்பாத்தி அதற்குத் தவிடு வைத்தால் போதும், "ஆமா, சம்பாதிக்கிறவனைக் கவனி!" என்பான்.

மாசி மாசத்தில் மாடு சீக்கு வந்து படுத்துக்கொண்டது. திருவிழாவுக்கு எண்ணெய் கேட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். நசீர் கையைப் பிசைந்தார். குழந்தைவேல் துள்ளி எழுந்தான். மாடு எழவே கூடாது என்றுகூட நினைத்தான், பாவி.

"ஏனுங்க, நான் இழுக்கறனுங்க."

"மனுசனைச் செக்குல பூட்டறதா? பாவம்ப்பா!"

"மூட்டைமேல குந்த வெச்சதைவிடப் பாவமுங்களா?"

நசீர் நுகத்தடியை எடுத்துப் பாப்பாத்தியிடம் நீட்டினார். அவள் அதைப் புருஷன் தோளில் வைத்தாள். கை பழகிய பழக்கம், துணியை எடுத்து அவன் கண்ணைச் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டாள். அப்புறம்தான் "ஐயோ!" என்று பதறி அவிழ்க்க வந்தாள்.

"அவுக்காத புள்ள," என்று சிரித்தான் குழந்தைவேல். "கண்ணைக் கட்டுனவனுக்குத்தான இங்க வேலை."

பொழுது சாயும்வரை இழுத்தான். தோள் கன்றிப்போனது. நசீர் கூலியை அவன் உள்ளங்கையிலேயே வைத்தார். கையை விரிக்காமலே தூங்கினான்.

மறுநாள் காலையில் துணியைத் தானே கட்டிக்கொண்டு செக்கடியில் போய் நின்றான். கொட்டிலில் கழுத்துமணி குலுங்கியது. மாடு எழுந்துவிட்டது.

"அல்லா காப்பாத்திட்டான்! இனி உனக்குக் கஷ்டமில்லை, போய் உக்காரு குழந்தைவேலு," என்றார் நசீர், மனசார.

அவன் மூட்டைப் பக்கம் போகவில்லை. தடவிக்கொண்டே போய் மாட்டின் முகத்தைப் பிடித்தான். தன் கண்ணிலிருந்த துணியை அவிழ்த்து அதன் கண்ணில் இறுக்கிக் கட்டினான்.

"குடுத்து வெச்சவன்டா நீ," என்றான். "பொழுது சாஞ்சா உனக்கு அவுத்து உட்ருவாங்க."