பலகையில் என் வீட்டுக்காரரின் பெயர்

வெள்ளைப் பலகையில், நீல மார்க்கரால், என் கையெழுத்தில் என் வீட்டுக்காரரின் பெயர் எழுதியிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. மட்டக்களப்பு நகரில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் நடந்த ஆங்கில வகுப்பு அது. லண்டனில் இருக்கும் கணவரிடம் போய்ச் சேர ஆங்கிலப் பரீட்சையில் தேறவேண்டிய பெண்கள்தான் அங்கே படித்தோம். நான் குருக்கள்மடம் கிராமத்திலிருந்து பஸ்ஸில் போவேன். தேறாவிட்டால் விசா இல்லை. மகள் தன் அப்பாவைப் போனில் மட்டும் பார்த்து வளரவேண்டியதுதான்.

படிப்பித்தவரை மிஸ் என்போம். என்னைவிட இளையவர், கல்யாணமாகாதவர், பிடித்தால் விடமாட்டார். பெயர்ச்சொற்களைத் தொடங்கிய அன்று முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. தோணி, வலை, இறால் என்று பொதுப்பெயர்களை நான் அடுக்கிக்கொண்டே போனேன். மீன் ஒன்றானாலும் ஒரு கூடையானாலும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் என்றதும், இந்த மொழியை மடக்கிவிடலாம் என்று நம்பிக்கைகூட வந்தது. பிறகு சிறப்புப்பெயர் வந்தது. "பெரிய எழுத்தில தொடங்கோணும். எல்லாரும் உங்கட ஹஸ்பண்ட்ட பேரைச் சொல்லுங்க பாப்பம்" என்றார் மிஸ்.

நகரத்துப் பிள்ளைகள் பட்பட்டென்று சொன்னார்கள். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன், வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் கட்டியவரின் பெயரை வாயால் சொல்வது கிடையாது. சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தார். 'மகள்ட அப்பா' என்பதைத் தாண்டி நான் ஒருநாளும் போனதில்லை. பின்வரிசையில் ஒருத்தி, "பேர் தெரியாமலா கட்டின நீங்க?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. எனக்கு அப்படியே இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

மிஸ் சிரிக்கவில்லை. மார்க்கரை என் கையில் தந்து, "வாயால வேணாம், எழுதுங்க" என்றார். எழுதினேன். எழுதக்கூடாது என்று அம்மா சொன்னதில்லையே. ஆனால் என் கூச்சத்தைப் போக்குவதாக நினைத்து, "எல்லாரும் சேந்து வாசிங்க" என்றுவிட்டார் மிஸ். ஐயோ, அத்தனை பெண்களும் என் புருஷனின் பெயரை ராகம் போட்டுக் கூப்பிட்டார்கள்! நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெட்கம் ஒருபக்கம். எனக்கில்லாத உரிமை இவளுகளுக்கு எப்படி வந்தது என்ற எரிச்சல் மறுபக்கம்.

வகுப்பு முடிந்ததும் மிஸ் என்னை நிறுத்தினார். "சோதினையில கேப்பாங்க அக்கா. அங்க எழுதிக் காட்டேலாது. இண்டைக்கு இவ்வளவு பேர் கூப்பிட்டமே, அவருக்கு என்ன நடந்த?"

அதன்பிறகு குசினியில் பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொல்லிப் பழகினேன். ஒருநாள் அம்மா பின்னால் வந்து நின்றார். "என்னகா பேச்சு இது? வாய் கூசல்லியா உனக்கு?" என்றவர், அன்று பின்னேரமே மருமகனுடைய பெயரில் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். இரண்டு நாள் அம்மாவின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கொழும்பில் பரீட்சை நடத்தியவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். கணவரின் பெயர்? தடங்கல் இல்லாமல் முழுப்பெயரையும் சொன்னேன். தேறிவிட்டேன். செய்தி கேட்டு மிஸ் போனிலேயே சந்தோஷக் கூச்சல் போட்டார்.

மகளின் அப்பா லண்டனில் விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும்முன் போன் எடுத்தார், எங்களுக்கு மதியம். "அந்தாள் கேட்ட உடன சொல்லிப்போட்டியா?" என்று சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "இஞ்ச வேலையில ஆரும் என்ட பேரை முழுசாச் சொல்றல்ல. வாயில வந்தபடி வெட்டிக் கூப்பிடுறாங்க. நீ ஒருக்காச் சொல்லன், கேப்பம்."

காத்திருந்தார். முன்பின் தெரியாத ஒருவருக்கு, பரீட்சைப் புள்ளிக்காகச் சொன்ன பெயர், உரியவர் கேட்டபோது தொண்டையைத் தாண்டவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போது அதைவிட வெட்கமாக இருக்கிறது. "மகள் கூப்பிடுறாள்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மகள் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்பது அவருக்கும் தெரியும்.