பர்சினியின் கைராசி

மெராப்பி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் அந்த ஊரில், பிறந்த குழந்தையை எண்ணெய் தேய்த்து உருவிவிடவும் சினைக் கிடேரிக்கு மடி பழக்கவும் ஒரே ஆளைத்தான் கூப்பிடுவார்கள். பர்சினிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத அகலமான உள்ளங்கை. அந்தக் கை பட்ட குழந்தை அழாது, அந்தக் கை பட்ட மாடு உதைக்காது என்பது ஊர்ப்பேச்சு.

தலையீற்றுக் கிடேரி லேசில் யாரையும் மடியில் கைவைக்க விடாது. கன்று போட்ட அன்றைக்குப் புதிதாகத் தொட்டால் வாளியையும் ஆளையும் சேர்த்து உருட்டிவிடும். அதனால் ஒரு மாதம் முன்பே பர்சினி வந்துவிடுவாள். வெந்நீரில் துணியை நனைத்து மடியைத் துடைப்பாள். தேங்காய் எண்ணெய் தொட்டு நீவுவாள். "ஒண்ணுமில்லடி ராசாத்தி, நான்தான்டி" என்று அதன் காதுக்குக் கேட்கப் பேசிக்கொண்டே இருப்பாள். கடைசி இரண்டு வாரம் ஒவ்வொரு காம்பிலும் நாலு சொட்டு பீய்ச்சிப் பார்ப்பாள். தேன்போலக் கெட்டியாக வரும். அதற்கு வழி திறப்பது என்று பெயர். வழி திறக்காமல் எந்தக் கிடேரியையும் அந்த ஊரில் கன்று போட விடுவதில்லை.

போன மழைக்காலத்தில் மூன்று கிடேரிகள் அடுத்தடுத்துக் கெட்டன. முதலில் சுகிமான் வீட்டுக் கிடேரி. ஈன்ற மறுநாளே மடியின் ஒரு பக்கம் கல்லாக இறுகி, தொட்டால் கொதித்தது. பாலுக்குப் பதில் மஞ்சள் தண்ணீரும் திரிந்த கட்டியும் வந்தன. ஊசி போட்டு மாட்டைக் காப்பாற்றினார்கள். காம்பு போனது போனதுதான். அப்புறம் பக்கத்து வீடு, அதற்கப்புறம் எதிர்வீடு.

ஊர் காரணம் தேடினால் காரணம் கிடைப்பதற்கு முன்னால் ஆள் கிடைத்துவிடும். கிடைத்தவள் வாகினெம். சமவெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, இரண்டாம் வருடமே புருஷனைப் பறிகொடுத்தவள். புல்லுக்குப் போகும்போது கொட்டகைகளை எட்டிப் பார்த்து, "அடேயப்பா, எம்மாம் பெரிய மடி!" என்று வாய்விட்டுச் சொல்கிற வெள்ளந்தி. அது போதாதா?

"அவ பாத்துட்டுப் போனா, மறுநாளே மடி இறுகிப்போச்சு. கண்ணா அது?" என்றாள் சுகிமானின் மனைவி சர்மி. அன்றிலிருந்து வாகினெமை யாரும் தங்கள் வரப்பில் புல் அறுக்க விடவில்லை.

பிறகு ஒரு காலையில் கூட்டுறவுச் சங்கத்தின் மாட்டு டாக்டரம்மா பால் சேகரிக்கும் இடத்துக்கு வந்து, வரிசையில் நின்றவர்களிடம் சொன்னார்: "கன்னு போடறதுக்கு முன்னாடி காம்பைப் பீச்சாதீங்க. நுனியில மெழுகு மாதிரி ஒரு அடைப்பு இருக்கும். அதுதான் மடிக்குக் காவல். அதை எடுத்துட்டா கிருமி நேரா உள்ள போயிரும். ஒரே துணியில நாலு மாட்டைத் துடைக்காதீங்க, நோய் வீடு வீடாப் போகும்."

"சரிங்க டாக்டரம்மா" என்று எல்லாரும் பணிவாகத் தலையாட்டினார்கள். கேட்டதை அங்கேயே விட்டுவிட்டுப் பால் கேன்களை நகர்த்தினார்கள். பர்சினி மட்டும் மனதுக்குள் எண்ணினாள். சுகிமான் வீடு, பக்கத்து வீடு, எதிர்வீடு. அந்த வரிசையில்தான் அவள் போயிருந்தாள். அவள் தோளில் அந்தத் துணி கிடந்தது.

துணியை அடுப்பில் போட்டு எரித்தாள். கையைச் சாம்பலாலும் சோப்பாலும் தேய்த்தாள். திரிந்த பாலின் வாடை போகவில்லை. பச்சைக் குழந்தையை உருவிவிடும்போதுகூட விரல்கள் தானாகச் சூட்டையும் கட்டியையும் தேடின. பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டாள். மணிக்கட்டு வலி என்று ஊரெல்லாம் பொய் சொன்னாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை தெருவில் நடப்பதுதான். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் அந்த மூன்று மாடுகளும் தலையைத் தூக்கி அம்மா என்று கத்தும். கறக்க ஆள் இல்லாமலே ஒவ்வொன்றின் மூன்று காம்புகளிலிருந்தும் பால் சொட்டும். நாலாவது சூம்பிப்போய்த் தொங்கும். அவளைக் கண்டு அவை மிரண்டிருந்தால்கூடத் தேவலை. அவை சுரந்தன. அதை அவளால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் மாலை வாகினெம் இரண்டு மரவள்ளிக் கிழங்கோடு அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, என் கிடேரி பத்து நாள்ல கன்னு போட்டுரும். எனக்கிருக்கறது அது ஒண்ணுதான். என் கொட்டகைக்கு யாரும் வரமாட்டாங்க. நீங்க வந்து ஒரு தரம் கைவெச்சுக் குடுங்க."

"மாட்டேன்டி."

"நீங்களுமாக்கா?"

"அதில்லடி!" பர்சினி இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிக் காட்டினாள். "அந்த மூணு மாட்டையும் கெடுத்தது இந்தக் கைதான். என் துணிதான். உன் கண்ணு ஒண்ணும் பண்ணல."

வாகினெம் கிழங்குகளை வாசல்படியில் வைத்தாள். "நானே நம்பிட்டேனேக்கா. என் கிடேரிய நானே நிமிந்து பாக்கறதில்ல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் புல்லு போடறேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"நாளைக்குக் காலையில பால் ஊத்தற எடத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீ வந்து நில்லு."

வாகினெம் வந்தாள். கேன் இல்லாமல், சுவரோரம், முகத்தை நிமிர்த்தி நின்றாள். பர்சினி வரிசையின் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னாள்: வழி திறந்தது, துணி, வீடுகளின் வரிசை. சொல்லி முடித்ததும் சர்மிதான் ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அவ கண்ணு நம்ம அக்காவையே புடிச்சிருச்சே! நேத்து சாயங்காலம் அவ இவங்க வீட்டுக்குள்ள போனத நான் பாத்தேன்."

"அதான் மணிக்கட்டு வலியா?" என்றான் சுகிமான். "இனிமே அவளை அக்கா வாசல மிதிக்க விடாதீங்க."

"என் கைதான்டி சர்மி! கேளுங்கடா!" என்று கத்தினாள் பர்சினி. அவள் கத்தக் கத்த அவர்கள் இன்னும் உறுதியாக நம்பினார்கள். யாரோ அவள் உச்சந்தலையில் கைவைத்துப் பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

பிடித்த கைகளை உதறிக்கொண்டு அவள் மேட்டுப் பாதையில் ஓடிப்போய், அதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்த வாகினெமை மறித்தாள். "நான் விடமாட்டேன். நாளைக்கும் சொல்றேன்."

"வேணாங்க்கா. என் கிடேரிய நீங்களும் தொடாதீங்க, நானும் பாக்கமாட்டேன். அது பாட்டுக்குக் கன்னு போடட்டும்" என்றாள் வாகினெம். பர்சினியின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள்.