இருநூற்று எண்பத்தேழு கட்டை

கருங்காலிப்பேட்டை பேரூராட்சி முனியம்மாவுக்கு இருநூற்று நாற்பது ரூபாய் கடன்பட்டிருந்தது. மூன்று நாள் கூலி, நாளுக்கு எண்பது. அவளோடு சேர்ந்து மண் வாரிய பதினெட்டுப் பேருக்கும் தலைக்கு அதே தொகை. கொடுக்க வேண்டியது பேரூராட்சி. கூலிக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து வேலைக்குக் கூப்பிட்டது ஏழாவது வார்டு கவுன்சிலர் அப்பாசாமி.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் மறந்தவர் கிடையாது. ஊரேரி தளும்பி, ஏழாவது வார்டுப் பக்கம் கரை கசிய ஆரம்பித்தது. கரையடியில் சவுக்குக் கட்டைகளை வரிசையாக அடித்து, அதற்குள் மணல் மூட்டை அடுக்கினால்தான் ஊர் தப்பும். பக்கத்து வார்டு ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்பாசாமி ஒரு குரல் கொடுத்தார். பத்தொன்பது பேர் வந்தார்கள், அதில் பதின்மூன்று பேர் பெண்கள். மூன்று நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். கரை நின்றது.

அப்பாசாமி யாரென்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு முடியும் முன்னே கையில் கொடுவாளோடு செய்யூர்ச் சவுக்குத் தோப்புகளில் கட்டை வெட்டப் போனவர். முப்பத்தைந்து வயதில் கட்டை அடுக்கி விற்கச் சொந்தத் தொட்டி, சொந்த லாரி. அணுபுரத்தில் குடியிருப்பு எழும்பிய காலத்தில் சாரம் கட்டிய கட்டையில் பாதி அவர் தொட்டிக் கட்டை. லோடு லாரி வளைவில் திரும்பும்போதே இதில் இத்தனை கட்டை என்று சொல்லிவிடுவார், இறக்கி எண்ணினால் ஒன்று இரண்டு கூடக் குறையாது. எந்தப் பள்ளிக்கூடம் இதைச் சொல்லிக் கொடுத்தது? எந்த வாத்தியாருக்கு இது வரும்?

இரண்டாயிரத்து ஒன்றில் நின்று ஜெயித்தார். மொத்தம் பதினைந்து வார்டு. பதினான்கு பேர் தலைவர் பக்தவத்சலத்தின் பக்கம், இவர் ஒருவர்தான் எதிரில். அவர் மன்றத்துக்குள் நுழைந்தாலே பக்தவத்சலம், "எதிர்க்கட்சி மொத்தமும் வந்துட்டாங்கப்பா, ஆரம்பிங்க" என்பார். பதினாலு வாயும் சிரிக்கும். டீயும் பஜ்ஜியும் அந்தக் கோடியிலிருந்து புறப்பட்டு இவரிடம் வரும்போது பஜ்ஜி தீர்ந்திருக்கும், டீ ஆறியிருக்கும். அவர் வார்டில் ஒரு டியூப்லைட் போனால் ஆறு மாதம் இருட்டு. தன் காசில் வாங்கிக் கம்பத்தில் மாட்டினார், தெருக்குழாயைத் தன் காசில் சரி செய்தார். பேச எழுந்தால் மணி அடித்து உட்கார வைப்பார்கள். நான்கு வருஷம் இப்படி.

தை பிறந்து பொங்கலும் போனது. ஒருநாள் காலையில் முனியம்மா நேரே தொட்டிக்கு வந்துவிட்டாள்.

"இன்னா அண்ணாத்த, கூலி இன்னா ஆச்சி?"

"வரும்மே. பில்லு பாஸாவணும்னு சொல்லிகினு கீறானுங்க."

"தீவாளிலேர்ந்து இத்தையேதான் சொல்லிகினு கீற."

அப்பாசாமி மேஜை டிராயரை இழுத்து, இருநூற்று நாற்பதை எடுத்து நீட்டினார். முனியம்மா கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் புடவைத் தலைப்பில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"யாரு துட்டு இது?"

"என் துட்டுதான். புடி."

"உன் துட்டு எனக்கு எதுக்கு? நான் இன்னா உன் தொட்டியிலயா மண்ணு வாரினேன்? ஏரி பஞ்சாயத்துது, மூட்டை பஞ்சாயத்துது. அவன் கைலேர்ந்து வாங்கிக் குடு. இன்னிக்கு உன்னுத வாங்கினா, அவங்க ஆளு அவங்களுக்கே குடுத்துட்டான், சரியாப் பூட்ச்சின்னு அவன் சிரிப்பான். நான் வாங்கலன்னா மத்த பதினெட்டு பேரும் வாங்க மாட்டாங்க, பாத்துக்கோ."

அவள் போன பிறகும் அந்த நோட்டுகள் அவர் கையிலேயே இருந்தன. லட்சம் லட்சமாக எண்ணிய கை அது. ஊரில் அவர் நீட்டிய பணத்தை வேண்டாம் என்று சொன்னவர் அதுவரை யாரும் கிடையாது. கோபம் அவள் மேல் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

செயல் அலுவலர் செங்கல்பட்டில் கூட்டத்துக்குப் போயிருந்தார். இருந்தது ஜெசிந்தா மட்டும், வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆன உதவியாளர். "உறுப்பினர் கேட்டா பதிவேடு காட்டலாம் சார்" என்று சொல்லி, வெள்ள வேலைக் கோப்பை எடுத்து வந்து தானே படித்தாள். மணல் மூட்டை இரண்டாயிரம். சவுக்குக் கட்டை தொள்ளாயிரம். ஒப்பந்தக்காரர் சரவணகுமார். அந்தச் சரவணகுமார் பக்தவத்சலத்தின் மனைவியோடு பிறந்தவன்.

"கூலி, பத்தொன்பது ஆட்கள், மூணு நாள். முழுவதும் பட்டுவாடா செய்யப்பட்டதுன்னு இருக்கு சார்."

"இன்னாது?"

"பத்தொன்பது பேரும் கைரேகை வெச்சிருக்காங்க." அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். குரல் இறங்கிப்போனது. "எல்லா ரேகையும் ஒரே விரல் மாதிரி இருக்கு சார்."

அப்பாசாமிக்கு நெற்றி நரம்பு தெறித்தது. "இத்த எந்த நாயி ஒத்துகிச்சி?"

ஜெசிந்தா அலமாரியைத் திறந்தாள். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். மார்கழிக் கூட்டம், பொருள் பதினொன்று. அவசரம் கருதிச் செய்த வெள்ளச் செலவை மன்றம் ஏகமனதாகப் பின்னேற்பு செய்கிறது. கீழே பதினைந்து கையெழுத்து. கடைசியில் பெரிய ‘அ’ போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்த கையெழுத்து அவருடையது.

நடந்தது இதுதான். அப்பாசாமிக்கு எழுத்துக் கூட்டினால்தான் படிக்க வரும், கூட்டும்போது உதடு அசையும். பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க உதட்டை அசைத்துப் படிக்க அவர் மானம் இடம் கொடுக்காது. அதனால் புத்தகம் வந்ததும் ஒரு பார்வை பார்த்தது போல் பார்த்து, சரசரவென்று கையெழுத்தைப் போட்டு நகர்த்திவிடுவார். அன்றைக்குத் தெருவிளக்குக்காகத் தொண்டை கிழியக் கத்திவிட்டு உட்கார்ந்தவர், வழக்கம் போலப் போட்டுவிட்டார். நான்கு வருஷம் கத்திய கத்தல் ஒரு பக்கம், அந்த இரண்டு கோடு ஒரு பக்கம்.

பக்தவத்சலம் அப்போதுதான் உள்ளே வந்தார். திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா அண்ணாத்த, நீங்களே ஒத்துகினு கையெழுத்து போட்டுட்டு, இப்ப கூலி எங்கன்னு கேட்டா எப்பிடி? படிக்காமயா போட்டீங்க?"

படித்துப் போட்டேன் என்றால் களவுக்குக் கூட்டு. படிக்காமல் போட்டேன் என்றால் ஊர் சிரிக்கும். முழ நீளக் கேள்வி இல்லை, இரண்டே வார்த்தை. அப்பாசாமி புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார்.

தெருக்குழாயடியில் முனியம்மா குடத்தோடு நின்றிருந்தாள், கூட நான்கு பெண்கள். அப்பாசாமி வழியிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பொய் சொல்ல வாய் கூசும் மனுஷர் அவர். குடம் நிரம்பும் வரை நின்று, பிறகு எல்லோர் எதிரிலும் சொன்னார். கூலி கொடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறான். பத்தொன்பது ரேகை இருக்கிறது. அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அவர் கடைசியில் சொன்னதை முனியம்மா காதில் வாங்கவே இல்லை.

"ரேகையா? என் பேர்லயா?" குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள். "அறிவொளிக் கிளாஸ்ல ஆறு மாசம், வேலை வுட்டு வந்து லாந்தர் வெளிச்சத்துல குந்திகினு கத்துகினேன். ரேஷன் கடையில, பேங்குல, எங்கயாச்சும் நான் ரேகை வெச்சி நீ பாத்துகிறியா? என்னை ரேகை வெக்கிறவளாக்கிட்டானா அந்தப் பாடையில போறவன்?" அதற்குப் பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள். "ஆமா, நீ ஏன் போட்ட? உனக்குப் படிக்கத் தெரியாதா?"

அறுபது வயதில் முதல் தடவையாக அப்பாசாமி அதைச் சொன்னார். "வேகமா படிக்க வராது."

முனியம்மா சிரிக்கவில்லை.

"கணக்கு வருமா?"

"இன்னாமே பேச்சு இது? கணக்குல என்னை அடிச்சிக்க இந்த ஜில்லாவுலயே..."

"அப்ப வர்றத்த செய்யி. வராததுல ஏன் போயி வாயக் குடுக்கற?"

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவருக்குச் சுரீரென்றது. ஜெசிந்தா படித்ததில் கட்டை தொள்ளாயிரம் என்று வந்ததே! ரேகை என்ற அதிர்ச்சியில் அதைக் காதோரம் விட்டுவிட்டாரே! கட்டைக்காரனிடமா கட்டைக் கணக்கு?

மறுநாள் விடிந்ததும் ஒரு டின் தாரும் பிரஷும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். தண்ணீர் வடிந்து, கரையடியில் கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. கண்ணாலேயே முந்நூறுக்குள் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவர் கண் கணக்கு அவருக்குத்தான் சாட்சி, ஊருக்கு இல்லை. முதல் கட்டையில் 1 என்று எழுதினார். அடுத்ததில் 2. சுண்ணாம்பில் எழுதினால் ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடுவான், அதனால்தான் தார். எழுத்து வராவிட்டால் என்ன, எண் அவருக்கு அச்சுப் போல வரும். மத்தியானத்துக்குள் 287ல் வந்து நின்றது. அதற்கு மேல் வெறுங்கரை.

அந்தக் கரையோரம்தான் செய்யூர் பஸ் போகிற ரோடு. இரண்டே நாளில் பஸ்ஸில் போகிறவன் வருகிறவன் எல்லாம் தலையை நீட்டி எண்ண ஆரம்பித்தான். பில்லில் தொள்ளாயிரம் என்பதைக் குழாயடிப் பெண்கள் நான்கு பேரும் ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார்கள். டீக்கடையில் யாரோ கேட்டதற்குப் பக்தவத்சலம், "மீதி மண்ணுக்குள்ள இறங்கிட்ச்சிப்பா" என்றாராம். அப்பாசாமி அங்கேயே போய் நின்று பதில் சொன்னார்: "பன்னெண்டு அடி கட்டை முழுசா உள்ள போறதுக்கு அங்க இன்னா பாதாளமா கீது? நான் அடிச்ச கட்டை இத்தினி வருஷத்துல ஒண்ணு கூட என்னைக் கேக்காம மண்ணுக்குள்ள பூந்ததில்ல."

நாலாம் நாள் செய்யூர்த் தொட்டிக்காரர் ஒருவர் போன் செய்தார். அப்பாசாமியிடம் தொழில் கற்றவர்.

"அண்ணாத்த, உங்க ஊரு சரவணகுமார் வந்து குந்திகினு கீறான். அவசரமா கட்டை வோணுமாம். அறுநூத்திப் பதிமூணு."

"எத்தினி?"

"அறுநூத்திப் பதிமூணு. ஒண்ணு கூடவும் வேணாமாம், கொறையவும் வேணாமாம்."

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனைக் கேட்டதுண்டு, வாங்கப் போய் மாட்டிக்கொண்டவனை அப்பாசாமி அன்றைக்குத்தான் பார்த்தார். தொள்ளாயிரத்தில் இருநூற்று எண்பத்தேழு போனால் இன்னும் எத்தனை அடிக்க வேண்டும் என்று அவன் சரியாகத்தான் கழித்திருந்தான், களவாடினாலும் கணக்கில் சுத்தம்! இந்தக் கடலோரத்தில் எந்தத் தொட்டியில் கட்டை வாங்கினாலும் சேதி எங்கே வந்து சேரும் என்பது மட்டும் அந்தக் கழித்தலில் வரவில்லை.

"குடு. நல்லா குடு. ரொக்கம் வாங்கிக்கினு, ரசீதுல அவன் பேரு, தேதி, எண்ணிக்கை எல்லாம் போட்டுக் குடு. கார்பன் காப்பிய எனக்கு அனுப்பு."

கணக்கைத் தணிக்கை செய்யச் சொல்லி அப்பாசாமி மனு போடப்போகிறார் என்ற பேச்சு அதற்குள் ஊரில் பரவியிருந்தது. மாசிக் கூட்டத்துக்கு அவர் போனபோது பத்தொன்பது பேரும் அவர் பின்னால் வந்து வராந்தாவில் நின்றார்கள். "எதிர்க்கட்சி இன்னிக்கு ஆளுங்களோட வந்துகீதுப்பா" என்றார் பக்தவத்சலம். பாதி வாய்தான் சிரித்தது. கதவோரம் சரவணகுமாரும் நின்றிருந்தான். அப்பாசாமி எழுந்தார். மணி அடித்தார்கள். அவர் உட்காரவில்லை. மடியிலிருந்து ரசீதை எடுத்து மேஜை மேல் வைத்து, விரலை வைத்துத் தானே படித்தார்.

"தேதி பதினாலு, ரெண்டு, ரெண்டாயிரத்து ஆறு. கட்டை அறுநூத்திப் பதிமூணு. பேரு சரவணகுமார். போன மழைக்கு அடிச்ச கட்டைய இந்த மாசி மாசம் வாங்கிகீறான். ஏன்டா, மழை திரும்பி வந்து கேட்டுதா?"

பக்தவத்சலம் எழுந்து பக்கத்தில் வந்து, தோளில் கை போடப் பார்த்தார். "அண்ணாத்த, வெளிய போயி பேசிக்கலாம்."

"கைய எடு. நாலு வருஷமா உள்ள பேச வுட்டியா, இப்ப வெளிய பேசறதுக்கு? மொதல்ல கூலி."

தலைவர் கண்ணைக் காட்டினார். சரவணகுமார் போய்ப் பணத்தோடு வந்தான். நாலாயிரத்து ஐந்நூற்று அறுபது. அதைக் கட்டாக அப்பாசாமியிடம் நீட்டினார் பக்தவத்சலம். "உங்க ஆளுங்கதானே, நீங்களே குடுத்துடுங்க. அந்தத் தணிக்கை மனு கினுவெல்லாம் வுட்டுடுவீங்க இல்ல?"

"மனு காலையிலயே தபால்ல பூட்ச்சி. கூலி வேற, களவு வேற. அந்தத் துட்ட நான் தொட மாட்டேன். உங்கையால, இந்த மன்றத்துல, ஒவ்வொருத்தரா கூப்ட்டுக் குடு."

ஜெசிந்தா புதுத் தாளில் பட்டுவாடாப் பட்டியல் எழுதினாள். அப்பாசாமி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். உதடு அசைந்தது. பதினாலு பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். கடைசி வரிக்கு வரக் கால் மணி நேரம் ஆனது. முடித்த பிறகே தாளை நகர்த்தினார்.

"முனியம்மா, உள்ள வாம்மே."

அவள் வந்தாள். ஜெசிந்தா பழக்க தோஷத்தில் மை டப்பாவைத் திறக்கப் போக, முனியம்மா பார்த்த பார்வையில் மூடிவிட்டாள். பேனாவை வாங்கி, தாளை நேராக வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ‘ம்’முக்குப் புள்ளியை அழுத்தி வைத்தாள். பிறகு தலைவருக்கு எதிரே போய் நின்று வலது கையை விரித்தாள்.

"எண்ணிக் குடு. எல்லாருக்கும் கேக்கறாப்பல எண்ணு."

பக்தவத்சலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்தக் காய்ப்பேறிய கையில் வைக்க ஆரம்பித்தார். நூறு. இருநூறு. இருநூற்றுப் பத்து. இருபது. முப்பது. இருநூற்று நாற்பது.