நான் கொண்டுபோன காப்பு

மகள் என்ன பாடுகிறாள் என்று கேட்பவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. ப்ளூகிராஸ் என்பேன். அமெரிக்க மலைநாட்டுச் சனங்களின் பாட்டு, கிட்டாரும் பிடிலும் ஓட்டமாக ஓட, குரலை உச்சத்தில் வைத்துப் பாடுவது என்பேன். பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், எங்கள் வீட்டுக்குக் கீழே மரக்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணை அதைத் தமிழாக்கியே விட்டார்.

"என்ன தங்கச்சி, பிள்ளை இன்னும் நீலப்புல்லுதானோ?"

"ஓம் அண்ணை."

"நல்லது. மாடு ஒண்டும் வாங்கேல்லையே?"

நான் அவளை வீணை வகுப்புக்குத்தான் அனுப்பினேன். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்து இசை ஆசிரியை போட்டுக்காட்டிய ஒரு பாட்டோடு வீணை மூலைக்குப் போனது. பிறகு கிட்டார், பிறகு சொந்தப் பாட்டுகள். படிப்பை முடித்து ஒரு காப்புறுதிக் கம்பனியில் நிரந்தர வேலையும் எடுத்தாள். இரண்டு வருடத்தில், பாடப்போகிறேன் என்று அதை விட்டாள். அன்று நான் சமைக்கவில்லை. இவர் உணவகத்தில் பகல் வேலை முடிந்து வந்து, வெறும் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பிள்ளை வேலையை விட்டா, நீரும் விட்டிட்டீரோ?" என்றார்.

ப்ளூகிராஸ் பாட்டுகளில் மலையும் ரயிலும் வரவேண்டுமாம். எங்களிடம் மலை இல்லை. ரயில் இருந்தது. லா சப்பலில் கடைகளுக்கு மேலால் பாலத்தில் ஓடும் மெத்ரோவை வைத்து அவள் ஒரு பாட்டு எழுதினாள். அதுதான் அவளை நாலு ஊருக்குக் கூட்டிப்போனது. சின்னச் சின்ன விழாக்கள், மதுச்சாலைகள், ஒரு இசைத்தட்டு. என் பயமும் மெல்ல மெல்லக் குறைந்து வந்தது.

போன வருடம் அதே பாட்டில், உச்சத்துக்கு ஏறும் இடத்தில், குரல் அறுந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. குரல்நாணில் சின்னக் கட்டி என்றார்கள். சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன்பின் பேசவே கூடாது என்ற நாட்களில் அவள் ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுவாள், அதுவும் பிரெஞ்சில். கீழே அண்ணை பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். இஞ்சித் துண்டுகளைப் பையில் போட்டுவிட்டு, "பிள்ளைக்கு" என்று மட்டும் சொல்வார். இப்போதும் தொலைபேசியில் அவள் ஒரு கணம் பேசாமல் இருந்தால், "இருக்கிறியோ?" என்று கேட்டுவிடுவேன்.

குரல் திரும்பியது. ஆனால் குரலுக்குப் பயிற்சி கொடுத்த பெண், சுருதியை இறக்கிப் பாடு என்றார். இவள் கேட்கவில்லை.

"இறக்கினா அது என்ர பாட்டே இல்லை" என்றாள்.

குணமான பிறகு முதல் கச்சேரி பாரிசுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில், ஒரு ஞாயிறு பின்னேரம். அவள் முன்கூட்டியே போய்விட்டாள். நான் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பின்னால் பிடில் சத்தம். பிரெஞ்சில்தான் பேசுகிறவள், ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் தமிழுக்கு வருவாள்.

"அம்மா, என்ர காப்பு அறையில கிடக்கு. கட்டாயம் கொண்டு வாங்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் செய்து போட்ட அந்தக் காப்பைப் பதினாறு வயதுக்குப் பிறகு அவள் தொட்டதில்லை. இன்றைக்கு, இந்தப் பயத்துக்குள், போட நினைத்திருக்கிறாளே! என் அறை அலுமாரியைத் திறந்து, பவுண் காப்பைக் கைலேஞ்சியில் சுற்றி, கார்-து-நோர் நிலையத்துக்கு ஓடி ரயில் எடுத்தேன். வழியெல்லாம் கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தேன்.

மேடைக்குப் பின்னால் அவள் கைலேஞ்சியைப் பிரித்தாள்.

"அம்மா, இது என்ன?"

"நீதானே காப்புக் கேட்டனீ."

"காப்பு இல்லை அம்மா! காபோ! காபோ!"

கிட்டாரின் கழுத்தைப் பிடித்துக் காட்டினாள். அங்கே மாட்டுகிற ஒரு சின்னக் கவ்விதான் காபோவாம். அதை மாட்டினால் சுருதி ஏறும். நான் பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை செய்கிறேன். வாய் மரத்துப்போன ஆட்கள் சொல்வதெல்லாம் எனக்கு விளங்கும். பெற்ற பிள்ளை சொன்னது விளங்கவில்லை.

"திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வரட்டோ?"

"இன்னும் இருபது நிமிசம்தான் இருக்கு அம்மா."

கூட வாசிக்க வந்த இருவரில் ஒருவரிடம் பிடில், மற்றவரிடம் ஆளுயரப் பாஸ் வாத்தியம். இரண்டுக்கும் காபோ தேவையில்லை. கேட்டு வாங்க அங்கே வேறு கிட்டார்காரரும் இல்லை. பாஸ் வாசிக்கிற பெடியன் காப்பை எடுத்துக் கிட்டாரின் கழுத்தில் வைத்துப் பார்த்தான். அவள் சிரித்துவிட்டாள். பிறகு காப்பை வாங்கி, தந்தியைத் தட்டாத இடக்கையில் போட்டுக்கொண்டு, மற்ற இருவரிடமும் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். கீழ்ச் சுருதியில் எடுக்கப்போகிறோம் என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

மெத்ரோப் பாட்டு வந்தபோது நான் கதவடியில் நின்றேன். அந்த இடம் நெருங்க நெருங்க என் கை கதவுப்பிடியை இறுக்கியது. ஆனால் இந்தமுறை உச்சம் அவ்வளவு உயரத்தில் இல்லை. குரல் தாழ்ந்து, கொஞ்சம் கரகரத்து, பாலத்தைத் தாண்டுகிற ரயில் மாதிரி அந்த வரியைக் கடந்து போனது. அவளுக்கு அப்படியொரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்பதை முகத்தில் கண்டேன்.

திரும்பும் ரயிலில் காப்பைக் கழற்றித் தந்தாள்.

"கையில கிடக்கட்டுமே" என்றேன்.

"கனமா இருக்கு அம்மா." அவளே என் கைப்பையைத் திறந்து உள்ளே வைத்தாள். "ஆனா பாட்டு அங்கைதான் இருக்கோணும். கீழ."

மற்றப் பாட்டுகளுக்கு அவள் இப்போதும் காபோ மாட்டுகிறாள். அந்தப் பாட்டு வந்தால் கழற்றிவிடுகிறாள்.

கச்சேரிக்கு அடுத்த நாள் வெண்டிக்காய் வாங்கப் போனேன். அண்ணை இஞ்சியை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தராசில் வெண்டிக்காயைப் போட்டார்.

"என்ன தங்கச்சி, புல்லு முளைச்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப மாட்டைப் பாப்பம்" என்றார்.