வெளியே கட்டிய வெப்பமானி

பல்கலைக்கழக இயற்பியல் துறையில் அவருக்கு ‘முப்பத்தொண்ணு’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவருக்கும் தெரியாமல் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் உலோக ஆவியில் ஒளியைப் பாய்ச்சி, கிளர்ந்தெழுந்த அணு எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்து அடங்குகிறது என்று அளந்தார். முப்பத்தொரு நானோ நொடி. ஒரு நொடியை நூறு கோடியாக நறுக்கினால் அதில் முப்பத்தொரு துண்டு. அந்தத் துண்டுகளில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

அதற்கப்புறம் எழுதிய முப்பது கட்டுரைகளைச் சீந்துவாரில்லை. இந்த ஒன்றை மட்டும் இருநூற்று அறுபது பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தார்கள், அந்த ஒற்றை எண்ணுக்காக. அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர். “என் தம்பி எழுதினதைப் பாத்து இருநூறு பேருக்கு மேல எழுதியிருக்காங்க” என்று அக்கா பெருமையடித்தபோது, “பரீட்சையிலயா?” என்று கேட்டார் அத்தான். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார்.

திங்கட்கிழமை பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். ஏற்கெனவே இரண்டு முறை கைநழுவிப்போனது. ஓய்வுக்கு மூன்றே ஆண்டு, இனி வாய்ப்பில்லை. விண்ணப்பத்தில் மேற்கோள் எண்ணிக்கைக்கு என்றே ஒரு கட்டம். குறைந்தது முந்நூறு வேண்டும். மற்றக் கட்டுரைகளுக்கு உதிரியாக வந்ததையும் சேர்த்து அவரிடம் முந்நூற்றுப் பதினெட்டு இருந்தது.

புதன்கிழமை காலை, முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சி மாணவியிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருடமாக அதே அணுவை அளக்கிறாளாம்; இருபத்தேழுதான் வருகிறதாம். கருவியை மூன்று முறை பிரித்துக் கட்டிவிட்டாள். வழிகாட்டி அவள் கையைத்தான் சந்தேகப்படுகிறார். “நான் எங்கே தவறுகிறேன் என்று சொல்வீர்களா?”

பாவமாக இருந்தது. வழி சொல்லலாமென்று அலமாரியிலிருந்து பழைய ஆய்வக நோட்டை உருவினார். நாற்பதாம் பக்கத்தில் அவருடைய கையெழுத்தே அவரைப் பிடித்து நிறுத்தியது: ‘கண்ணாடிக் கலத்தில் வெப்பமானி செருகக் குழி இல்லை. வெப்பமானியை வெளியே கட்டினேன். பிறகு திருத்த வேண்டும்.’

அந்தப் பிறகு வரவேயில்லை. கலத்தின் உள்ளே, அவர் குறித்ததைவிடச் சூடு அதிகம். சூடு ஏறினால் ஆவியில் நெரிசல். ஓர் அணு விட்ட ஒளியைப் பக்கத்து அணு விழுங்கி, அது இன்னொன்றுக்குக் கொடுத்து, கடைசியில் தாமதமாக வெளியே வரும். அவர் அளந்தது அணுவை அல்ல, நெரிசலை.

கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனார். அந்தக் கலத்தை ஊதிய கண்ணாடிக்காரர் இன்னும் அங்கேதான் இருந்தார்.

“அன்னிக்கே கேட்டேனே சார், குழி ஒண்ணு வச்சுத் தரட்டுமான்னு. அவசரம், வேணாம்னீங்க.”

“வெளிய கட்டினப்பவாவது சொல்லியிருக்கலாமே.”

“படிச்சவங்க, அதுக்கும் ஏதாவது கணக்கு வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு விண்ணப்பத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

“திங்கக்கெழமை முடியட்டும். செவ்வாக்கெழமை திருத்தி எழுதுங்க. அதுக்குள்ள அணு எங்க ஓடிடப் போகுது?”

“அந்தப் பொண்ணு?”

“ரெண்டு வருஷம் பொறுத்தவ. அஞ்சு நாள் பொறுக்க மாட்டாளா?”

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவரை அயர வைத்தது. நாற்காலியில் சாய்ந்தபடி, “பிறகுன்னு நான் சொன்னா இருபத்திரண்டு வருஷம் ஆகும்மா” என்றார்.

வியாழக்கிழமை அரைப் பக்கத்தில் திருத்தம் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார். அதன் பிரதியை மாணவிக்கு அனுப்பி, ‘தவறு உன்னுடையதல்ல, என்னுடையது. உன் வழிகாட்டியிடம் இதைக் காட்டு’ என்று எழுதினார்.

நேர்காணலில் யாரும் கேட்கும் முன் அவரே சொல்லிவிட்டார். தேர்வுக் குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதுக்காக எண்ணிக்கை குறையாதே. தப்புன்னு காட்டினாலும் மேற்கோள் மேற்கோள்தான்.”

“அப்படியே இருந்தாலும்,” என்றார் பக்கத்திலிருந்தவர், “ஒரே கட்டுரையில நிக்கிறவரு. அந்தக் காலும் இப்ப ஒடிஞ்சாச்சு.”

பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. அக்காவிடம் மனைவிதான் போனில் சொன்னாள். அவருக்கு அதற்கும் தெம்பில்லை.

எட்டு மாதம் கழித்து மாணவியின் கட்டுரை அச்சில் வந்தது. அவருடைய பழைய கட்டுரையையும் திருத்தத்தையும் அவள் மேற்கோள் காட்டியிருந்தாள். கூடவே வேறெங்கோ ஏழு பேர், திருத்தம் கண்ணில் படாமல், அதே முப்பத்தொன்றை எடுத்து எழுதியிருந்தார்கள். எண்ணிக்கை முந்நூற்று இருபத்தேழைத் தொட்டிருந்தது. திரையை அணைத்தார்.

கதவருகே கண்ணாடிக்காரர் நின்றிருந்தார். கையில் புதுக் கலம். நடுவில் விரல் நுழையுமளவு குழி.

“இந்தத் தடவ உங்களக் கேக்கல சார். ஊதிட்டேன்.”

“மேசை மேல வைங்க,” என்றார். ‘பிறகு’ என்ற சொல்லும் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வெப்பமானியைத் தேடினார்.