இழுத்தாலும் வராத ஒயர்

சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார். பொத்தான் கையோடு வந்துவிட்டது. சட்டை என்னுடையது. நான் பழுதுபார்க்கக் கொண்டு போயிருந்தது காரை. சட்டையைப் பற்றி ஒரு புகாரும் சொல்லவில்லை.

"நான் பிடுங்கலைங்க. அது ஏற்கெனவே விழுந்த பொத்தான். எப்ப விழலாம்னு யோசிச்சிட்டு இருந்துச்சு. நடுரோட்டுல விழாம இங்க விழுந்துச்சேன்னு சந்தோஷப்படுங்க" என்று அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பானெட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

தெருவில் அவருக்கு எர்த் அக்கா என்று பெயர். காருக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது, எந்தக் கணத்தில் பொறி தட்டுவது என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கும். குடும்பத்தில் உண்மையாக முடிவெடுப்பவரைப் போல, அதுவும் கண்ணில் படாத மூலையில்தான் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒயரிங் செய்வதும், இன்ஜின் எதுவரை துள்ளலாம் என்று அதற்குச் சொல்லிவைப்பதும் அக்காவின் தொழில். வண்டி திணறுகிறது, நிற்கிறது, அழுகிறது என்று யார் எதைச் சொன்னாலும் அவருடைய முதல் பதில் ஒன்றுதான்: "எர்த் பாத்தீங்களா?" எர்த் என்பது கரண்ட் திரும்பிப் போக வண்டியின் உடம்போடு போடும் இணைப்பு. பார்த்தேன் என்பவர்களை நம்பமாட்டார். "பெயின்ட்டு மேல போல்ட்டு போட்டு வச்சிருக்கீங்க. கரண்ட்டு எந்த வழியா திரும்பிப் போகும்? உங்க வீட்டு வழியாவா?"

வேலையில் இறங்கும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி நம் காரின் உள்கண்ணாடியில் மாட்டிவிடுவார். பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே மோதிரம் பட்டால் விரலுக்குச் சூடு போட்டுவிடுமாம். வேலை முடிந்தபின் அவற்றை எடுத்துக்கொள்ள மறந்துவிடுவார். அவருடைய மோதிரம் இந்த ஊரில் பார்க்காத தெரு இல்லை.

இந்த இழுப்பும் தொழிலோடு வந்ததுதான். ஒயரின் நுனியில் செப்பு முனையைச் செருகி, இடுக்கியால் நசுக்கி, பிடித்து ஒரு இழு. வந்தால் குப்பை, வராவிட்டால் வண்டிக்கு. அந்த இழுப்பை மட்டும் வேறு யார் கையிலும் விடமாட்டார். நான் ஒருமுறை ஆசையாகக் கையை நீட்டி, புறங்கையில் ஓர் அடி வாங்கியிருக்கிறேன். வேலை நேரம் முடிந்தாலும் அந்தக் கை ஓய்வதில்லை. கதவுக் கைப்பிடி, நாற்காலிக் கால், வங்கியில் நூல் கட்டிய பேனா, எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கும். உறவினர் ஒருவர் புதுவீட்டைச் சுற்றிக் காட்டியபோது குளியலறைக் குழாயையும் இழுத்துப் பார்த்திருக்கிறார். மிச்ச வீட்டை அவர்கள் ஈரத்துணியோடு சுற்றிக் காட்டினார்கள்.

அவரிடம் இன்னொரு பிடிவாதம் உண்டு. பழைய மெக்கானிக்குகள் விட்டுப்போன, எங்கும் போகாத ஒயர்களைக் கண்டால் வெட்டி எறிந்துவிடுவார். "வேல இல்லாத ஒயர் வண்டியில இருக்கக் கூடாதுங்க. சும்மா இருக்கறவன்தான் தீ வைப்பான்."

மேசையில் பேனாக்கள் நிற்பது ஒரு பழைய பிஸ்டனில். அதன் தலையில் உருகி விழுந்த ஓட்டை. பேனா செருகத் தோதான அளவு. அது அவருடைய தம்பியின் முதல் இன்ஜினிலிருந்து வந்தது. இரண்டாவது இன்ஜினில் மேசையில் வைக்கும்படி ஒன்றும் மிஞ்சவில்லை.

தம்பி காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. பகலெல்லாம் 'அபாயத்தைத் தவிர்ப்பீர்' என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவர், ஞாயிற்றுக்கிழமையானால் பழைய விமான ஓடுதளத்தில் காரை விரட்டுவார். அவருடைய வாயில் அதிகம் புழங்கும் சொல் "இன்னும் கொஞ்சம்". பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்து, பொறியைக் கொஞ்சம் முந்தவிட்டால் வண்டி பறக்கும். இன்னும் கொஞ்சம் என்றால் பேனா ஸ்டாண்ட் கிடைக்கும்.

மூன்றாவது இன்ஜின் வந்து இறங்கிய வாரம் நான் அங்கே இருந்தேன். தம்பி மனைவிதான் முதலில் வந்தார்.

"அண்ணி, இந்த இன்ஜினும் போச்சுன்னா வண்டிய எடைக்குப் போட்டுடுவேன்னு சொல்லிட்டேன். சத்தியமும் பண்ணிக் குடுத்துட்டார். நீங்கதான் கொஞ்சம் அடக்கி வைக்கணும்."

"வண்டியவா?"

"ரெண்டையும்தான்."

மாலையில் தம்பி வந்தார். கூட வேலை செய்பவரோடு ஞாயிறன்று பந்தயம். அலுவலகம் முழுக்கச் சவால் விட்டாயிற்று.

அக்கா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைத் தம்பியின் காதுக்கு மாற்றினார். இன்ஜினுக்குள் தட்டும் சத்தம் அதில் கேட்கும். "கேட்டியா? இந்த இடத்துல தட்ட ஆரம்பிக்குது. அதுக்கு ரெண்டு படி முன்னாடியே நிறுத்திட்டேன். இதோட சரி."

"அக்கா, இன்னும் கொஞ்சம்..."

"கொஞ்சமும் இல்ல, நஞ்சமும் இல்ல."

"நீ தரலைன்னா எதிர்த் தெருவுல குடுப்பாங்க. அங்க கேட்டா கேட்டது கிடைக்கும்."

"கிடைக்கும். அள்ளிட்டுப் போறதுக்குக் கூடையும் குடுப்பாங்களான்னு கேட்டுக்கோ."

தம்பி முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டார். நாற்பது வயது முகம் அப்படித் தொங்குவதைப் பார்க்கச் சகிக்காது. அக்கா பேனாக்கள் நிற்கும் பிஸ்டனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதிர்த் தெரு நிஜமாகவே நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. பிறகு டப்பாவைக் குடைந்து, சிவப்பாக ஒரு பட்டனை எடுத்தார்.

"சரிடா. இத டேஷ்போர்டுல வைக்கிறேன். கடைசி நேரத்துல, இனி முடியாதுன்னு தோணும்போது மட்டும் அழுத்து."

தொங்கிய முகம் நிமிர்ந்தது. தம்பி பட்டனை வாங்கி, கைக்குழந்தையைப் போல ஒருமுறை கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் போனபின் எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கயும் போகாத ஒயர்தானே?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வண்டியில வேல இல்லாத ஒயரா? அழுத்தினா பெட்ரோல் கொஞ்சம் கூடும். பொறி கொஞ்சம் பிந்தி விழும். உள்ள சூடு எறங்கும்."

"வேகம்?"

"சத்தம் கூடும்." ஒயரை நசுக்கி இழுத்துப் பார்த்தார். "அவன் புத்தி சூடாகுற நேரமும் இன்ஜின் சூடாகுற நேரமும் ஒண்ணுதாங்க. ரெண்டுக்கும் சேத்து ஒரு பட்டன் போதும்."

ஞாயிறன்று ஓடுதளத்துக்கு நானும் போனேன். தம்பி மனைவி கையில் போனோடு நின்றார். இழுவை வண்டிக்காரரின் எண்ணைத் திரையில் தயாராக வைத்திருந்தார். இரண்டு இன்ஜின்கள் தந்த பழக்கம். கார்கள் கிளம்பின. பாதி தூரம் தாண்டியதும் தம்பியின் கார் திடீரென்று ஒரு கர்ஜனை கர்ஜித்தது. பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். அக்கா மட்டும் எதையோ எண்ணுவதைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

தம்பி இரண்டாவதாக வந்தார். ஓடியவை இரண்டு கார்கள்.

ஆனால் கார் தன் சக்கரத்தில் தானே உருண்டு திரும்பி வந்தது. அவர் மனைவி போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் காரின் முன்சீட்டில் தானாகவே ஏறி உட்கார்ந்தார். "அழுத்தினேன் பாருக்கா, முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு!" என்று தம்பி ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் தம்பி மறுபடி கடைக்கு வந்தார். என் கார் இன்னமும் அங்கேதான் இருந்தது, எர்த் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அந்தப் பட்டன அழுத்தினா பெட்ரோல் வாசன தூக்கலா வருது. புகையும் கறுப்பா வருது."

அக்காவின் கை நின்றது. பெட்ரோல் கூடினால்தான் அந்த வாசனை வரும். இரண்டு இன்ஜின்களை உருக்கிய மனிதருக்கு அது தெரியாமலிருக்குமா என்பது எனக்குப் புரியவில்லை. தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டிடவாடா?"

"ஐயோ, வேணாம்! ஸ்டீயரிங் பக்கத்துல மாத்திக் குடு. அவசரத்துக்குக் கை எட்டல."

அக்கா மோதிரத்தைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினார். டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, பழைய ஒயரை உருவி, புதிதாக வெட்டி, முனையைச் செருகி நசுக்கினார். பிறகு இழுத்துப் பார்க்காமல், அந்த ஒயரை அப்படியே தம்பியின் பக்கம் நீட்டினார்.

தம்பி விரலில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, ஒரு இழு இழுத்தார்.