கேபிளைப் பிரித்துக் கட்டிய பெண்

மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள். கீரமங்கலம் நெட் சென்டரில் இணையம் விட்டுவிட்டு வந்தது. "நாளைக்கு வாங்க" என்று கடைக்காரர் எழுந்தார். "மகளுக்கு அப்ளிகேஷன் போட இன்னைக்குத்தாங்க கடைசி நாள்" என்றேன்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தலை நரைத்த பெண் முந்தானையை இடுப்பில் செருகினார். பேசுமுன் அப்படித்தான் செய்வார் போலும்.

"ஸ்டூல இங்கிட்டு போடுங்க. நெட் கேபிள கரண்ட் ஒயரோட சேத்துக் கட்டி, கதவிடுக்குலயும் நசுக்கினா நெட்டு எப்படிங்க வரும்?"

ஸ்டூலில் ஏறிப் பழையதைப் பிரித்துவிட்டு, கடையில் கிடந்த வேறு கேபிளை எதிர்ச்சுவர் வழியாக, எங்கும் மடங்காமல் இழுத்துக் கட்டினார்.

"இந்த வேல தெரியுமா?" என்றேன்.

"இது தெரியாம எங்க வீட்டுல நெட்டு வராமப் பட்ட பாடு போதும்ண்ணே."

இணையம் சீராக வந்தது. தன் இடத்தை எனக்கு விட்டார்.

"மகளுக்குப் போடுங்க. எனக்கு அவசரமில்ல."

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவசரமே இல்லாதவர் ஏன் ஸ்டூலில் ஏறினார் என்று இன்றும் யோசிக்கிறேன்.